பிடி அரிசியா, அரை சதவீதமா?

அன்றாடச் செலவிலிருந்தே ஊழியத்துக்குக் கொடுக்க இரண்டு வழிகள். ஒன்று, 2013-இல் அமெரிக்காவில் வந்த அமேசான் ஸ்மைல். தகுதியுள்ள பொருளை வாங்கினால் விலையில் 0.5 சதவீதம் நாம் தேர்ந்தெடுத்த அறநிறுவனத்துக்குப் போகும். நம் கைக்காசு கூடுதலாகச் செலவாகாது, அதுதான் வசதி. ஆனால் ஆயிரம் டாலருக்கு வாங்கினால்தான் ஐந்து டாலர் சேரும். கொடுப்பது அமேசான் என்பதால் வரிச்சலுகையும் நமக்குக் கிடையாது. 2023 பிப்ரவரியில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

மற்றது, மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் தொடங்கிய 'புஃபாய் தாம்'. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். சபை அதைச் சேர்த்து விற்று ஊழியத்துக்குப் பணமாக்கும். நம்மூர்ச் சபைகளுக்கும் பிடி அரிசிக் காணிக்கை புதிதல்ல. இதில் வேலை அதிகம்: வீடு வீடாக வாங்க வேண்டும், அளக்க வேண்டும், விற்க வேண்டும். ஆனாலும் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. காசில்லாத வீட்டிலும் அரிசிப் பானை இருக்கும். எடுத்த பிடி அன்றைய சோற்றில் குறையும், கொடுத்தது வயிற்றுக்கே தெரியும். அந்த அரை சதவீதம் எத்தனை பேருக்கு நினைவில் நின்றிருக்கும்? சரி, அடுக்குமாடி வீட்டில் பிடி அரிசிக்கு எங்கே போவது என்றால், அடுப்படியில் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் போதும்.