கூமானோ சவுத்கேட்டோ?

குருநகர்ப் பக்கம் பந்தடிக்கிற பெடியளோட இந்தக் கதை தொடங்கினா விடியும் மட்டும் முடியாது. டிஃபெண்டரா நிண்டவன் கோச்சா வந்தா ஆர் திறம், நெதர்லாந்தின்ர ரொனால்ட் கூமானோ இங்கிலாந்தின்ர கரெத் சவுத்கேட்டோ?

விளையாட்டில கேள்வியே இல்லை. கூமான் பின்னுக்கு நிண்டுகொண்டே 250 கோலுக்கு மேல அடிச்ச மனுசன், 1992இல வெம்பிளி ஃபைனல்ல எக்ஸ்ட்ரா டைம்ல இத்தாலி கிளப் சம்ப்டோரியாவுக்கு அவர் போட்ட ஃப்ரீ கிக்தான் பார்சிலோனாவுக்கு முதல் ஐரோப்பியக் கப்பையே குடுத்தது. சவுத்கேட் எண்டா 1996இல யூரோ எண்ட ஐரோப்பிய நாடுகளின்ர கிண்ணத்து செமியில ஜெர்மனியோட விட்ட பெனால்டி, பிறகு தலையில பேப்பர் பையைப் போட்டுக்கொண்டு பீட்சா விளம்பரத்தில நடிச்சது, அவ்வளவுதான் சனத்துக்கு ஞாபகம்.

கோச்சிங்கிலதான் கதை மாறுது. கூமான் நெதர்லாந்தில ஒண்டுக்கொண்டு போட்டியான கிளப்புகள் அயாக்ஸ், பிஎஸ்வி, ஃபெயெனோர்ட் மூண்டுக்கும் விளையாடி மூண்டுக்கும் கோச்சாவும் இருந்தவர் (எங்கட ஊரில ஒருத்தன் பக்கத்து கிளப்புக்குப் போனாலே சந்தியில முகம் குடுக்கமாட்டினம்!), ஆனா ஒரு இடத்திலயும் கனகாலம் இருந்து வேர் விட்டதில்லை. 2008இல வலென்சியாவுக்கு ஸ்பெயின் கிங்ஸ் கப் எடுத்துக் குடுத்து ஒரு கிழமைக்குள்ள வேலை போயிட்டுது, லீக்ல அவ்வளவு மோசம். 2021இல பார்சிலோனாவுக்கும் அதே கப், அதே வருசம் ஒக்டோபர்ல அங்கயும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்கள்.

சவுத்கேட் கோச்சா மிடில்ஸ்பரோ கிளப்போட கீழ் டிவிஷனுக்கு இறங்கினவர், பிறகு இங்கிலாந்து 21 வயசுப் பெடியளைப் பழக்கித்தான் 2016இல பெரிய டீமுக்கு வந்தவர். தான் விட்ட பெனால்டியை மனசில வச்சிருந்தாரோ தெரியாது, 2018இல கொலம்பியாவோட இங்கிலாந்து உலகக் கிண்ணத்தில முதல்தரம் பெனால்டியில வெண்டது அவற்ற காலத்திலதான். ரெண்டு யூரோ ஃபைனல், கப் ஒண்டும் இல்லை. 2021 ஃபைனல்ல ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் கடைசி நிமிசத்தில பெனால்டிக்கெண்டே இறக்கி ரெண்டு பேரும் விட்டதை நான் இன்னும் மன்னிக்கேல்லை.

எண்டாலும் எங்கட கிளப் பெடியளைக் குடுக்கிறதெண்டா சவுத்கேட்டிட்டத்தான் குடுப்பன், ஒரே ஒரு ஃபைனல் மட்டும் எண்டா கூமான்.

2024 யூரோ செமியில கூமான் நெதர்லாந்துக்கும் சவுத்கேட் இங்கிலாந்துக்கும் கோச்சா ரெண்டு பேரும் நேருக்கு நேர் வந்தவை, எங்களுக்கு இரவு பன்னிரண்டரை. ஒண்டுக்கு ஒண்டு நிக்கேக்க சவுத்கேட் 81ஆவது நிமிசம் கப்டன் ஹரி கேனை வெளியில எடுத்தார். விசரனெண்டு பேசிப்போட்டு டிவியை நிப்பாட்டிப் படுத்திட்டன், கேனுக்குப் பதிலா வந்த வாட்கின்ஸ் 90இல அடிச்ச கோலை விடியத்தான் ஃபோன்ல பாத்தனான்.