46,500 ரூபாய் போச்சு. ஏர்ஷோவுக்குப் பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்றோடு நாலாவது முறை நியாயம் கேட்டு அந்தக் கடையின் படியேறி இறங்கியாகிவிட்டது. 46,500 ரூபாய். இரண்டு வருஷம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். வயிறு எரிகிறது, எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். விமானம் படம் எடுக்க முதல்முறையாகக் கேமரா வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எல்லாம் 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் ஆரம்பித்தது. விமானப்படையின் 92ஆவது ஆண்டு விழா. ரஃபேல் போர் விமானம் தலைக்கு மேல் போனபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. வீட்டுக்கு வந்து போனைத் திறந்து பார்த்தால் வெள்ளைத் தாளில் எறும்பு. அன்றைக்கு வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் உயிர் போயிருந்தது என்பது ராத்திரி செய்தியில்தான் தெரிந்தது, மனசு கனத்துப்போனது. இருந்தாலும் ஆசை விடவில்லை. பிப்ரவரியில் பெங்களூரு எலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி, அதற்குள் ஒரு கேமரா என்று முடிவு செய்தேன்.

கடை பெயரைப் போடவில்லை. சென்னையில் பழைய கேமரா வாங்கி விற்கிற மாடிக் கடை, சமூக வலைத்தளத்தில் பக்கமும் உண்டு. அந்தப் பக்கத்தில்தான் விளம்பரம்: ‘நிக்கான் டி7200, 70-300 விஆர் லென்ஸ், 15 ஆயிரம் கிளிக், புதுசு மாதிரி.’ (70-300 என்பது லென்ஸ் தூரத்தை எவ்வளவு இழுக்கும் என்கிற மில்லிமீட்டர் கணக்கு, விஆர் என்றால் கைநடுக்கத்தைக் குறைக்கும் வசதி, கிளிக் என்பது அதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை.) பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை போனேன்.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்லியே ஆகவேண்டும். கடைத் தம்பி எதையும் என் தலையில் கட்டப் பார்க்கவில்லை. நானாகத்தான் 150-600 லென்ஸ் ஒன்றைக் காட்டி விலை கேட்டேன். அவன் சிரித்தான். “வேணாம் சார். ரெண்டு கிலோ வரும். ரெண்டு மணி நேரம் தூக்கிப் பிடிச்சா கை விட்டுப் போயிடும். ஆரம்பத்துக்கு 70-300 போதும். இந்த கேமரா பாடியில போட்டா 450 மாதிரி வேலை செய்யும். உங்க காசை எதுக்கு வீணாக்கறீங்க?”

கணக்கு சரிதான். படம் பதிகிற சென்சார் சின்னது, அதனால் 300 ஒன்றரை மடங்காகத் தெரியும். சொன்ன யோசனையும் நல்ல யோசனைதான், இப்போது யார் கேட்டாலும் நானும் அதையேதான் சொல்வேன். அதிக விலைப் பொருளை வேண்டாம் என்கிற கடைக்காரனை யார் சந்தேகப்படுவார்கள்? டீ வந்தது. போனில் தேஜஸ் போர் விமானப் படம் ஒன்றைக் காட்டி “நான் எடுத்தது சார்” என்றான். பேரம் பேசவே கூச்சமாகிவிட்டது. 48,000 சொன்னதை அவனாகவே 46,500 ஆக்கினான்.

டெஸ்ட் பண்ணச் சொன்னான். ஜன்னல் வழியாக எதிர்ப்பக்க மருந்துக்கடை போர்டை எடுத்தேன். நட்ட நடு மத்தியானம், அசையாத போர்டு. எழுத்து கத்தி மாதிரி வந்தது. பாடியின் கைப்பிடி ரப்பரில் லேசாகப் பசை வாடை அடித்தது. “சர்வீஸ் பண்ணியிருக்கோம் சார்.” சரி என்றேன். ஜிபேயில் ஒரு தனி ஆளின் பெயருக்குப் பணம் போனது. கையில் வந்தது எஸ்டிமேட் சீட்டு: ‘7200 பாடி, 70-300, சார்ஜர், பை. செக்கிங் வாரண்டி 7 நாள்.’ விஆர் என்ற இரண்டு எழுத்து அதில் இல்லை. நான் கவனிக்கவும் இல்லை.

ஆறாம் நாள் மொட்டை மாடியில் பருந்துகளை வைத்துப் பழகிப் பார்த்தேன். லென்ஸ் கர்ர் என்று ஒரு கோடிக்கு ஓடி, மறுபடி கர்ர் என்று திரும்பி வந்தது. அதற்குள் பருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போயிருந்தது. உடனே போன் செய்தேன். “பறவைக்கு அப்படித்தான் சார், பொடிசு. விமானம் பெருசு, கப்புனு பிடிச்சுக்கும்.” இதை நம்பினேன். மறுநாளோடு ஏழு நாளும் முடிந்தது.

பிப்ரவரி 13, எலஹங்கா. போர்பந்தர் ஹெலிகாப்டர் விபத்துக்குப் பிறகு துருவ் ஹெலிகாப்டர்களை நிறுத்தி வைத்திருந்ததால் விமானப்படையின் சாரங் ஹெலிகாப்டர் சாகசக் குழு கிடையாது. ஆனால் சூர்யகிரண் விமான சாகசக் குழு இருந்தது, ரஷ்யாவின் சுகோய்-57 போர் விமானம் இருந்தது. ஒன்பது ஹாக் விமானங்கள் ஒட்டினாற்போல வருகின்றன, கூட்டமே அண்ணாந்து கத்துகிறது, என் கையில் கர்ர்... கர்ர். வெறும் நீல வானத்தில் பிடிப்பதற்கு எதுவும் கிடைக்காமல் லென்ஸ் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபோகஸ் கிடைத்தபோது புகை மட்டும் மிச்சம். சூரியன் இருக்கும் பக்கம் திருப்பினால் படம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல வெளிறியது. அறுநூற்றுச் சொச்சம் கிளிக்கில் தேறியது பதினொன்று. அதிலும் நாலு, நிறுத்தி வைத்திருந்த விமானம்.

பக்கத்தில் ஓசூரிலிருந்து வந்த ஒருவர் நின்றிருந்தார். சத்தத்தைக் கேட்டே திரும்பிவிட்டார். “அண்ணா, குடுங்க பாப்போம்.” வாங்கித் திருப்பிப் பார்த்தார். “விஆர்னா சொன்னாங்க? பக்கத்துல பெரும்பாலும் அதுக்கு ஒரு சுவிட்ச் இருக்குமே, எங்க?” நிக்கானில் 70-300 என்றால் ஒன்றல்ல, பல லென்ஸ். விஆர் உள்ளதில் லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உண்டு. என்னிடம் இருந்தது பழைய பிளாஸ்டிக் லென்ஸ், மோட்டாரே கிடையாது. கேமரா பாடியில் இருக்கும் திருகுதான் அதைச் சுற்றுகிறது, அந்தக் கர்ர் அதனால்தான். பிறகு போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துக் காட்டினார். கண்ணாடிக்குள்ளே ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் மாதிரி கிளைகிளையாகப் படர்ந்திருந்தது. பூஞ்சை. “இதை அஞ்சாயிரத்துக்குக் குடுத்தாலும் யோசிப்பேன்ணா” என்றார். அவருக்குத் தெரியாது, நான் 46,500 கொடுத்தது. சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு படத்தை ஷட்டர் எண்ணிக்கை, அதாவது எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது என்று காட்டும் இணையதளத்தில் ஏற்றினேன். நிக்கானில் படக் கோப்புக்குள்ளேயே அது பதிவாகிவிடும். 1,12,000ஐத் தாண்டியிருந்தது. டி7200இன் ஷட்டரை 1,50,000 வரை சோதித்திருப்பதாகத்தான் கம்பெனிக் கணக்கு. கல்யாண வீடு கல்யாண வீடாக உழைத்த பாடிக்குப் புது ரப்பர் ஒட்டி 15 ஆயிரம் என்று விற்றிருக்கிறான்.

சனிக்கிழமை போனேன். “ஓனர் ஷூட்டுக்கு மதுரை போயிருக்கார்.” திங்கள்: “டெக்னீஷியன் பார்க்கணும், வச்சுட்டுப் போங்க.” வைத்துவிட்டு வர நான் என்ன மடையனா? செவ்வாய்க்கிழமை, விளம்பரத்தில் விஆர் என்று போட்டது டைப்பிங் மிஸ்டேக்காம். 15 ஆயிரம் என்பது ‘முந்தின பார்ட்டி சொன்னது’. அந்த விளம்பரத்தையும் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் ஸ்கிரீன்ஷாட் வைக்கவில்லை, முட்டாள்தனம். வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. இன்று ஒருவழியாக ஓனர் தரிசனம் கிடைத்தது. அவர் பொருளைத் தொடக்கூட இல்லை. “ஏழு நாள் முடிஞ்சிருச்சு. வேணும்னா எக்ஸ்சேஞ்சுல போடுங்க, 19,000 எடுத்துக்கறேன்.” ஒரு மாதத்தில் 46,500 எப்படி 19,000 ஆகும் என்று கேட்டேன். “லென்ஸ்ல ஃபங்கஸ் இருக்கே சார்” என்றார்! விற்கும்போது இல்லாத பூஞ்சை வாங்கும்போது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. தேஜஸ் படம் காட்டிய அந்தத் தம்பி கவுன்டருக்குப் பின்னால் தலை குனிந்து பேட்டரி அடுக்கிக்கொண்டிருந்தான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. இவ்வளவு மட்டும். பழைய லென்ஸ் என்றால் டார்ச் அடித்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள். லென்ஸின் மேல் எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாகப் படித்து, அதே எழுத்துகளைச் சீட்டில் போடச் சொல்லுங்கள். போர்டை எடுத்து டெஸ்ட் பண்ணாதீர்கள். தெருவுக்கு இறங்கி, லென்ஸை 300இல் வைத்து, ஓடுகிற பைக்கை எடுத்துப் பாருங்கள். ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்கு மேல் போய்விடும், கைநடுக்கம் பெரிதாகத் தெரியாது, அங்கே ஃபோகஸ் வேகம்தான் முக்கியம். புரொப்பல்லர் விமானம், ஹெலிகாப்டர் என்றால் 1/250க்குக் கீழே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் விசிறி சுற்றாமல் நிற்கிற மாதிரி விழும். விஆர் அங்கேதான் தேவை. நிக்கான் என்றால் கடையிலேயே ஒரு படம் எடுத்து ஷட்டர் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிஷ வேலை. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எஸ்டிமேட் சீட்டு வாங்கிக்கொண்டு வராதீர்கள், ஜிஎஸ்டி பில் கேளுங்கள்.

சாயங்காலம் நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்தேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள், முதல் கேள்வியே பில் எண் என்ன என்று. சீட்டை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண் என்று எதுவுமே இல்லை. கடையின் பெயர்கூட அச்சில் இல்லை, ‘எஸ்டிமேட்’ என்று மட்டும் மேலே இருக்கிறது, கீழே தம்பியின் கிறுக்கல், 46,500.