ஏஐ ஏஜென்ட்டின் அனுமதிச் சோதனைக்கு ஸ்பைஸ்டிபி: 16 மாத அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் ஊழியர்கள் கேள்வி கேட்டால் உள் ஆவணங்களைத் தேடிப் பதில் சொல்லும் ஒரு ஏஐ ஏஜென்ட் இருக்கிறது. விடுப்பு விதி, வாடிக்கையாளர் ஒப்பந்தம், பழைய சப்போர்ட் டிக்கெட் என எதையும் கேட்கலாம். டிக்கெட் திறப்பது, ஃபைலைப் பகிர்வது போன்ற சில வேலைகளையும் அதுவே செய்யும். யார் எதைப் பார்க்கலாம், எதைச் செய்யலாம் என்று முடிவு சொல்லும் பொறுப்பை 16 மாதமாக ஸ்பைஸ்டிபி என்ற, அனுமதிகளுக்கென்றே உள்ள ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸிடம் விட்டிருக்கிறோம்.

அதற்கு முன்னால் இந்தச் சோதனை எங்கள் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஒரு நீளமான கொயரியாக இருந்தது. ஆள் எந்தக் குழுவில், அந்தக் குழு எந்தப் பெரிய குழுவுக்குள், அதற்கு எந்த ஃபோல்டர் திறந்திருக்கிறது என்று ஏறி இறங்க வேண்டும். ஒருமுறை கேட்க 40 மில்லிசெகண்ட். மனிதர் ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அது யார் கண்ணிலும் படாது. ஏஜென்ட் அப்படி வேலை செய்வதில்லை. ஒரு கேள்விக்கு 40 ஆவணங்களை எடுக்கும், படிக்கும், போதவில்லை என்று மறுபடி தேடும். ஐந்து சுற்று போனால் 200 சோதனை, எட்டு விநாடி.

மெதுவாக இருப்பதில் உள்ள உண்மையான ஆபத்து என்னவென்றால், சோதனையையே விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துவிடும். எங்கள் குழுவிலும் வந்தது. ‘எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய ஒரு சர்வீஸ் அக்கவுண்ட்டை ஏஜென்ட்டுக்குக் கொடுத்துவிடுவோம், எதைச் சொல்லக்கூடாது என்று அதற்குத் தரும் அறிவுறுத்தலில், அதாவது பிராம்ப்ட்டில், எழுதிவிடுவோம்’ என்றார்கள். நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. 1988-இல் நார்ம் ஹார்டி என்ற கணினி நிபுணர் எழுதிய சிறு கட்டுரையில் ஒரு கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) வருகிறது. அதற்குத் தன் வேலைக்காக ஒரு டைரக்டரியில் எழுதும் உரிமை உண்டு. பயனர் ஒருவர் வெளியீட்டு ஃபைலின் பெயராக அதே டைரக்டரியில் இருந்த பில்லிங் ஃபைலைக் கொடுத்தார். கம்பைலர் தன் உரிமையைப் பயன்படுத்தி அதை அழித்து எழுதிவிட்டது. எல்லா உரிமையும் கையில் வைத்துக்கொண்டு யார் சொன்னாலும் கேட்கும் ஏஜென்ட் அந்தக் கம்பைலரேதான். அது படிக்கும் ஆவணத்துக்குள்ளேயே யாராவது ஒரு கட்டளையை ஒளித்து வைத்தால் போதும். பிராம்ப்ட்டில் எழுதும் வரி ஒரு வேண்டுகோள், பூட்டு ஆகாது.

ஸ்பைஸ்டிபியின் வேர், கூகுள் தன் சேவைகளுக்காகக் கட்டிய ஸான்ஸிபார் என்ற அனுமதி அமைப்பு. 2019-இல் அதைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில், இரண்டு டிரில்லியனுக்கு மேற்பட்ட அனுமதிக் குறிப்புகள், விநாடிக்குப் பல மில்லியன் கோரிக்கைகள், 95 சதவீதப் பதில்கள் 10 மில்லிசெகண்டுக்குள் என்று சொல்லியிருந்தார்கள். அதன் அடிப்படை எளிது. ‘இந்த ஆள் இந்தக் குழுவில் உறுப்பினர்’, ‘இந்தக் குழு இந்த ஃபோல்டரின் பார்வையாளர்’ என்று ஒவ்வோர் உறவும் ஒரு வரி. அந்த வரிகளின் மேல் நடந்துபோய் ஆம், இல்லை என்று பதில் வரும். இதே வழியில் வந்த ஓப்பன்எஃப்ஜிஏவையும் பார்த்தோம், அதுவும் நல்ல கருவி. ஸ்பைஸ்டிபியில் அனுமதி விதிகளை எழுதும் ஸ்கீமா மொழி எங்கள் குழுவுக்குச் சீக்கிரம் பிடிபட்டது, அவ்வளவுதான் காரணம்.

ஆனால் கருவியை மாற்றியதால் மட்டும் வேகம் வரவில்லை. தனிச் சோதனை 6 மில்லிசெகண்டுக்கு இறங்கியும் ஒன்றன்பின் ஒன்றாக 200 கேட்டால் ஒரு விநாடிக்கு மேல் போகிறது. கேட்கும் முறையை மாற்றியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. செக்பல்க்பெர்மிஷன்ஸ் என்ற அழைப்பில் ஒரு சுற்றின் 40 ஆவணங்களையும் மொத்தமாகக் கேட்கலாம். பெரும்பாலான ஆவணங்கள் ஒரே சில ஃபோல்டர்களில் இருப்பதால் உள்ளே வேலையும் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. இப்போது ஒரு சுற்றுக்கு 15 மில்லிசெகண்ட் ஆகிறது.

தேடலில் இன்னொரு சிக்கல். முதலில் தேடி, பிறகு வடிகட்டினால், கிடைத்த பத்தில் எட்டு கழிந்து போய், விடை இருந்தும் ஏஜென்ட் ‘தகவல் இல்லை’ என்று சொல்லிவிடும். முதலில் லுக்கப்ரிசோர்சஸ் மூலம் பார்க்கக்கூடியவற்றின் பட்டியலை எடுத்து அதற்குள் தேடினால் இந்தப் பிழை வராது. புதிதாகச் சேர்ந்தவருக்கு 300 ஆவணம் என்றால் அருமை, மேலாளருக்கு 60,000 என்றால் பட்டியலே சுமை. அதனால் குறைவாகத் திறந்திருப்பவர்களுக்கு முன்வடிகட்டல், மற்றவர்களுக்கு நான்கு மடங்கு கூடுதலாகத் தேடிப் பின்வடிகட்டல் என்று பிரித்தோம்.

இனி எங்கள் பெரிய தவறு. நாலாவது மாதத்தில் இன்னும் வேகம் வேண்டும் என்று எங்கள் கோடில் தனியாக ஒரு கேஷ் (விடைகளைத் தற்காலிகமாகச் சேமிக்கும் இடம்) போட்டோம். ஃபோல்டர் வாரியான விடையை 15 நிமிடம் பிடித்து வைக்கும். ஒருநாள் காலை சம்பளத் திருத்தக் குழுவிலிருந்து ஒருவர் வேறு வேலைக்கு மாற்றப்பட்டார். சில நிமிடத்தில் அந்த ஃபோல்டரில் புதிய பட்டியல் ஒன்று ஏறியது. அவர் வேறு எதையோ கேட்க, ஏஜென்ட் அந்தப் பட்டியலைச் சுருக்கி அவர் முன் வைத்துவிட்டது. அவரே உடனே எங்களிடம் வந்து சொன்னார். அந்த நேர்மைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஸான்ஸிபார் கட்டுரை ‘புதிய எதிரி’ என்று பெயரிட்டிருப்பது இதைத்தான்: ஒருவரை நீக்கிய பிறகு வந்த புதிய உள்ளடக்கத்தை, பழைய அனுமதியை வைத்து அவருக்குக் காட்டிவிடுவது. மருந்தும் அங்கேயே இருக்கிறது. ஸ்பைஸ்டிபியில் உறவை எழுதும் ஒவ்வொரு முறையும், அது எந்த நிலையில் எழுதப்பட்டது என்பதைக் குறிக்கும் ஸெட்டோக்கன் என்ற அடையாளம் ஒன்று திரும்ப வரும். அதை ஆவணத்தோடு சேமித்து, சோதிக்கும்போது ‘குறைந்தது இந்த அளவுக்காவது புதிய நிலையைப் பார்’ என்று கேட்கலாம். எங்கள் கேஷை அன்றே எடுத்தோம். மொத்தச் சோதனைக்கு ஒரே ஒரு புதுமை அளவைத்தான் கொடுக்க முடியும் என்பதால், கடைசி ஒரு நிமிடத்துக்குள் மாறிய ஆவணங்களை மட்டும் தனியே டோக்கனோடு கேட்கிறோம். மற்றவற்றை வேகமான வழியில் கேட்கலாம், அங்கே பழமை சில விநாடிகளுக்கு மேல் போகாது. பகிர்வது, அழிப்பது போன்ற செயல்களுக்கு மட்டும் முழுப் புதுமை, அதாவது அந்தக் கணத்தின் நிலையையே பார்த்துப் பதில். அது சற்று மெதுவானது, ஆனால் அங்கே அவசரம் தேவையில்லை.

ஏஜென்ட்டின் உரிமையையும் பயனரின் உரிமையையும் சேர்த்துப் பார்ப்பதில் கொஞ்சம் அலைந்தோம். இருவருக்கும் அனுமதி இருந்தால்தான் செயல் நடக்க வேண்டும். ஆனால் ஒரு சோதனையில் ஒரு ஆளைப் பற்றித்தான் கேட்க முடியும். ஒவ்வொரு உரையாடலுக்கும் புதிய ‘செஷன்’ ஆளை உருவாக்கி உறவுகளை எழுதிப் பார்த்தோம், எழுத்துச் சுமை தாங்கவில்லை. இப்போது மொத்தச் சோதனையில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் இரண்டு கேள்வி: பயனருக்கு ஒன்று, ஏஜென்ட்டுக்கு ஒன்று. இரண்டும் ஆம் என்றால்தான் திறக்கும்.

மறுப்பை எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். தேடலில் அனுமதியில்லாத ஆவணம் இல்லாதது போலவே இருக்க வேண்டும், தலைப்பே ரகசியமாக இருக்கலாம். செயலில் அப்படி மழுப்பினால் ஏஜென்ட் வேறு டூல், வேறு வழி என்று முயன்றுகொண்டே இருக்கிறது. ‘அனுமதி இல்லை, வேறு வழியில் முயலாதே, பயனரிடம் சொல்’ என்று பதில் கொடுத்த பிறகு லாகில் வீண் முயற்சிகள் நன்றாகக் குறைந்தன.

இதைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் பாதி, உறவுகளை இரண்டு இடத்திலும் ஒன்றாக வைத்திருப்பதுதான். சேர்ப்பதென்றால் முதலில் எங்கள் டேட்டாபேஸ், பிறகு ஸ்பைஸ்டிபி. நீக்குவதென்றால் முதலில் ஸ்பைஸ்டிபி. நடுவில் எது உடைந்தாலும் கதவு மூடியே இருக்கும். இரவில் இரண்டையும் ஒப்பிட ஒரு ஜாப் ஓடுகிறது, மாதத்துக்கு ஒன்றிரண்டு வித்தியாசம் இன்னும் பிடிபடுகிறது. பத்துப் பேர் உள்ள குழு, ஒரே அடுக்கு ஃபோல்டர் என்றால் இவ்வளவும் வேண்டாம். போஸ்ட்கிரஸில் நல்ல இண்டெக்ஸ் ஒன்று போட்டு, சோதனையை மொத்தமாகக் கேளுங்கள், போதும்.