பின்னப் பட்டைத் தொகுப்பு: வேற்றினப் பின்னங்களைக் கூட்ட எந்த அளவுக்கு உதவுகிறது?

கணிதக் கற்றல் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் பின்னப் பட்டைத் தொகுப்பில் பெரும்பாலும் 51 துண்டுகள் இருக்கும். ஒன்று முழுப்பட்டை, மற்றவை அதே நீளத்தை 2, 3, 4, 5, 6, 8, 10, 12 எனச் சம பாகங்களாகப் பிரித்த வண்ணத் துண்டுகள். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக வாங்கிய தொகுப்பு கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. முழுப்பட்டையின் நீளம் 24 செ.மீ.

தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிவிடுவது இந்த வயதில் வழக்கமான பிழை. ஐந்தில் ஒரு பங்குத் துண்டுகள் இரண்டை அரைப்பட்டைக்குக் கீழே வைத்துப் பார்த்தால், கூட்டி வந்த விடை கூட்டப்பட்ட அரையைவிடவே குட்டையாக இருப்பது உடனே தெரிந்துவிடும். சிவப்பு மையால் எத்தனை முறை திருத்தினாலும் இந்தத் தெளிவு வராது.

தொகுப்பின் உண்மையான பலம் 1/4 + 1/6 போன்ற கணக்குகளில்தான் வெளிப்படுகிறது. பகுதிகளைக் குறுக்கே பெருக்கினால் 10/24 என்று வரும், பிறகு அதைச் சுருக்க வேண்டும். தொகுப்பிலோ 24-இல் ஒரு பங்குத் துண்டே கிடையாது என்பதால், கால் துண்டையும் ஆறில் ஒரு பங்குத் துண்டையும் மிச்சமில்லாமல் நிரப்பக்கூடிய துண்டு எது என்று பிள்ளை தானே தேடிப்பார்க்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டில் ஒரு பங்குத் துண்டுகள் முன்னதன் கீழே மூன்றும் பின்னதன் கீழே இரண்டுமாகச் சரியாகப் பொருந்த, விடை 5/12 என்று கண்முன்னே நிற்கிறது. மீச்சிறு பொது மடங்கு எதற்காக என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. 3/4 + 2/3 கணக்குக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குத் துண்டுகள் 17 தேவை, இருப்பதோ 12 மட்டுமே. ஆனால் முழுப்பட்டையை வைத்து அதனருகே ஐந்து துண்டுகளை அடுக்கினால், கலப்புப் பின்னமும் அங்கேயே விளங்கிவிடும்.

குறை, பெட்டிக்குள் இல்லாத பகுதிகளில் இருக்கிறது. 1/3 + 1/5 = 8/15 என்பதற்கு எந்தத் துண்டும் பொருந்தாது; பொருந்தாததால் ஏமாற்றமே தவிர, குழப்பம் இல்லை. 1/5 + 1/8 தான் ஆபத்தானது. இதன் சரியான விடை 13/40, அதாவது இந்தப் பட்டையில் 78 மி.மீ.; மூன்றில் ஒரு பங்குத் துண்டோ 80 மி.மீ. இந்த 2 மி.மீ. வித்தியாசத்தைக் கவனிக்காத பிள்ளை, விடை 1/3 என்று நிச்சயமாக நம்பிவிடும். அழுத்தினால் நசுங்கும் ஃபோம் துண்டுகளில் இது இன்னும் மோசமாகும் என்பதால், விலை சற்றுக் கூடினாலும் பிளாஸ்டிக் தொகுப்பையே வாங்கலாம். வட்டத் துண்டுகள் பாதி, கால் போன்றவற்றை அறிமுகப்படுத்த நல்லவைதான். வரிசையாக அடுக்கி ஒப்பிடும் இந்த வேலைக்குப் பட்டைகளே ஏற்றவை.

எந்தெந்தக் கூட்டல்களை இந்தத் துண்டுகளால் செய்ய முடியாது என்று பெட்டியிலோ உள்ளே இருக்கும் தாளிலோ ஒரு வரிகூட இல்லை. நல்லவேளையாக, 24 செ.மீ. நீளம் பல எண்களால் மீதியின்றி வகுபடும். கெட்டி அட்டையில் 16 மி.மீ. அளவில் பதினைந்தும், 12 மி.மீ. அளவில் இருபதும், 6 மி.மீ. அளவில் நாற்பதும் வெட்டிப் பெட்டியில் போட்டுவைத்தால், 8/15, 9/20 (1/4 + 1/5-இன் விடை), 13/40 மூன்றுக்கும் துண்டுகள் கிடைத்துவிடும்.