டைனமோவை அடக்குவது யார்? மேக்னட்டோ, மூன்றாவது பிரஷ், ரெகுலேட்டர்

பழைய கார்களின் மின்சாரம் என்றாலே பேச்சு 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதில்தான் போய் நிற்கும். அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. 36 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் வேண்டும், 12 வோல்ட்டில் 3 போதும். ஒயர் மெல்லியதாக இருக்கலாம். உண்மையான தலைவலி இன்ஜினின் வேகம். மின்சாரம் தரும் டைனமோவைச் சுழற்றுவதே இன்ஜின்தான். ஊர்ந்தால் மின்சாரம் போதாது, பறந்தால் பேட்டரியும் பல்பும் தாங்காது. இந்த ஏற்ற இறக்கத்தை அடக்குவதற்கு மூன்று வழிகளைக் கையாண்டார்கள்.

முதல் வழி, அடக்காமலே விட்டுவிடுவது. ஃபோர்டு மாடல் டி 1908இல் வந்தபோது அதன் ஹெட்லைட்டில் எரிந்தது அசிட்டிலீன் வாயு. மாம்பழம் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்களே, அதே கார்பைடு கல்லில் தண்ணீரைச் சொட்டவிட்டால் வரும் வாயு. 1915 மாடலில் மின்விளக்கு வந்தது. ஆனால் பேட்டரி வரவில்லை. ஃப்ளைவீலில் பொருத்திய 16 காந்தங்கள், எதிரே 16 காயில்கள்: இதுதான் மேக்னட்டோ. இக்னிஷனுக்காக வைத்த அதே ஏற்பாட்டிலிருந்து ஹெட்லைட்டுக்கும் ஒயர் இழுத்துவிட்டார்கள். சைக்கிள் டைனமோ கதைதான்: வேகம் குறைந்தால் வெளிச்சமும் மங்கும். இருட்டில் மெதுவாகப் போகும்போதுதான் வெளிச்சம் அதிகம் தேவை, அப்போது பார்த்து இது கைவிடும். ஓட்டுநர் கியரைக் குறைத்து இன்ஜினை ரேஸ் பண்ணி வெளிச்சம் வாங்க வேண்டும். இரண்டு பல்பும் தொடர் இணைப்பில் இருந்ததால் ஒன்று ஃபியூஸ் ஆனால் மற்றதும் அணைந்துவிடும். மலிவு என்பதைத் தவிர இதற்காக வாதாட என்னிடம் ஒன்றுமில்லை.

இதற்கு முன்பே, 1912 மாடல் காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் டெல்கோ நிறுவனம் செல்ஃப், விளக்கு, இக்னிஷன் மூன்றையும் ஒரே மின் அமைப்பில் கொண்டுவந்திருந்தது. செல்ஃப் வந்துவிட்டால் பேட்டரி கட்டாயம்; பேட்டரி இருந்தால் அதைச் சார்ஜ் செய்ய டைனமோ வேண்டும். இன்ஜின் நின்றதும் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாய்ந்துவிடாமல் தடுக்க கட்-அவுட் என்ற ரிலேயும் வேண்டும். சரி, வேகமாக ஓடும்போது டைனமோவை யார் பிடித்து நிறுத்துவது?

இங்கேதான் இரண்டாவது வழியான ‘மூன்றாவது பிரஷ்’ வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. டைனமோவுக்குள் சுழலும் காயில் தொகுதிதான் ஆர்மேச்சர்; அதிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுப்பவை எதிரெதிரே இருக்கும் இரண்டு கார்பன் பிரஷ்கள். அவற்றுக்கு நடுவே இன்னொன்றை வைத்து, டைனமோவின் காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலுக்கான மின்சாரத்தை அதிலிருந்து எடுப்பார்கள். ஆர்மேச்சரில் மின்னோட்டம் கூடக்கூட, அது உண்டாக்கும் காந்தப்புலம் அசல் காந்தப்புலத்தைச் சுழலும் திசையில் தள்ளிக் கோணலாக்கும். அதனால் மூன்றாவது பிரஷுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் குறையும், ஃபீல்டு பலவீனமாகும், டைனமோ தானே அடங்கும். நடுத்தர வேகத்தில் உச்சம், அதற்கு மேல் இறக்கம். தனியாகக் கருவி எதுவும் தேவையில்லை. சார்ஜைக் கூட்டவோ குறைக்கவோ அந்த பிரஷைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

ஆனால் இதற்குப் பேட்டரியின் நிலைமை தெரியாது. தெரியாதது மட்டுமல்ல, தலைகீழாக வேலை செய்யும். நிறைந்த பேட்டரியின் வோல்டேஜ் உயர்ந்திருப்பதால் ஃபீல்டுக்குக் கூடுதல் மின்சாரம் போய் சார்ஜும் கூடும். காலியான பேட்டரிக்குக் கிடைப்பது குறைவு. பகலில் நெடுந்தூரம் ஓட்டினால் பேட்டரியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். அதற்காகவே பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று சார்ஜ் ஸ்விட்சே இருந்தது. பேட்டரி டெர்மினல் லூசானால் இன்னும் மோசம்: வோல்டேஜ் எகிறி பல்புகள் போய்விடும். ஆக, டைனமோவை அடக்கும் வேலையில் பாதி ஓட்டுநர் தலையில்.

மூன்றாவது வழி ரெகுலேட்டர். 1930களின் நடுவில் கார் மின்சாதனங்கள் செய்யும் பிரிட்டிஷ் நிறுவனமான லூகாஸ் இதைப் பரவலாக்கியது. சென்னைக்காரர்களுக்கு பாடியில் பஸ் நிறுத்தமாகப் பழகிப்போன அதே லூகாஸ்தான்; அங்கே லூகாஸ் டிவிஎஸ் தொடங்கியது 1961இல். டைனமோவில் இரண்டே பிரஷ். வோல்டேஜ் எல்லை தாண்டினால் ஒரு மின்காந்தம் காண்டாக்ட் பாயின்ட்டைத் திறந்து ஃபீல்டு வழியில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்க்கும், இறங்கினால் மூடும். இந்தத் துடிப்பு நொடிக்குப் பலமுறை நடக்கும். காலி பேட்டரிக்கு நிறைய, நிறைந்த பேட்டரிக்குச் சொட்டு. காலி பேட்டரி டைனமோவையே எரித்துவிடாமல் இருக்க, வெளியே போகும் மின்னோட்டமும் அதே மின்காந்தத்தில் சில சுற்றுகள் சுற்றிப் போகும். பாரம் கூடினால் வோல்டேஜ் எல்லை கொஞ்சம் இறங்கும். பாயின்ட் கரிந்துபோவதும், செட்டிங்கில் விவரமில்லாதவர் கை வைத்துக் கெடுப்பதும் இதன் தொல்லைகள். இருந்தும் என் ஓட்டு இதற்குத்தான். பேட்டரியைக் கேட்டு வேலை செய்வது இது ஒன்றே.

மூன்றாவது பிரஷ் உள்ள கார் வைத்திருப்பவர் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இப்போது அந்தக் கார் இரவில் அதிகம் ஓடப் போவதில்லை, எல்இடி பல்பு போட்டிருந்தால் செலவும் குறைவு. பிரஷைச் சுழற்சிக்கு எதிர்த்திசையில் நகர்த்தி சார்ஜைக் குறைத்து, ஃபீல்டு ஒயரில் ஒரு ஃப்யூஸும் போட்டுவிடுங்கள். அப்புறம் பேட்டரி டெர்மினலை மட்டும் அடிக்கடி முடுக்கிப் பாருங்கள்.