குரோமேக்ஸும் சேலத்து வெயிலும்: இரண்டு வருட அனுபவம்

அஸ்தம்பட்டி வீட்டுக் கம்ப்யூட்டரில், மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் குரோமேக்ஸ் (GROMACS) மென்பொருளைப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. புரதம் தண்ணீரில் எப்படி அசைகிறது என்று பார்ப்பது என் ஆய்வு. அந்தக் கணக்கை வேகமாக்கும் கிராபிக்ஸ் கார்டு (ஜிபியூ) 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060.

முதலில் என் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். மூலநிரலிலிருந்து குரோமேக்ஸைக் கட்ட சிமேக் (CMake) கட்டளை கொடுக்கும்போது ஜிபியூ வேண்டுமென்று நாமாகக் கேட்காவிட்டால் அது ஒரு பிழையும் காட்டாது. சமர்த்தாக சிபியூவுக்கு மட்டும் கட்டி முடித்துவிடும். பத்து நாள் அப்படியே ஓட்டிவிட்டு, ‘கார்டு வாங்கியும் இவ்வளவுதானா’ என்று புலம்பினேன். லாக் கோப்பின் தலைப்பகுதியிலேயே ஜிபியூ டிசேபிள்டு என்று இருந்தது. அதை யார் படித்தார்கள்!

அடுத்தது கூடா (CUDA), அதாவது என்விடியா கார்டில் கணக்குப் போட வைக்கும் மென்பொருள். கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை அடித்தால் மேலே ஒரு கூடா எண் வரும். அது டிரைவர் தாங்கும் உச்ச எண்தான், கட்டுவதற்கு வேண்டிய கூடா டூல்கிட் இருக்கிறது என்று அர்த்தமில்லை. டூல்கிட்டைத் தனியாகப் போட வேண்டும். அது ஏற்கும் ஜிசிசி கம்பைலரின் பதிப்புக்கும் ஒரு வரம்பு உண்டு. என்னுடையது அதைவிடப் புதுசு. பழைய ஜிசிசி ஒன்றையும் போட்டு அதைக் காட்டிய பிறகுதான் வழிக்கு வந்தது. டபுள் பிரிசிஷனில் (இரட்டைத் துல்லியத்தில்) கட்டினால் ஜிபியூ கிடையாது, அந்த ஆசை வேண்டாம்.

குரோமேக்ஸின் 2018 பதிப்பில் பிஎம்இ கணக்கு (தொலைவில் உள்ள அணுக்களுக்கிடையிலான மின்விசை), 2020-ல் அணுக்களை நகர்த்தும் வேலை என்று ஒவ்வொன்றாகக் கார்டுக்குப் போய்விட்டதால் என் பழைய சிபியூவே போதுகிறது.

பெரிய தொல்லை சித்திரை வெயில். கார்டு 83 டிகிரியைத் தொட்டது. “ராத்திரி பூரா கிரைண்டர் ஓடுற மாதிரியே இருக்குதுடா” என்றார் அம்மா. கார்டின் 170 வாட் மின் வரம்பை 130 ஆகக் குறைத்தேன். வேகம் குறைந்தது பெரிதாகத் தெரியவில்லை. போன மே மாதம் பெட்டியையே ஏற்காட்டில் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஆடிய ஆட்டத்தில் கார்டு ஸ்லாட்டை விட்டு நழுவி, கம்ப்யூட்டருக்கு அது கண்ணுக்கே தெரியவில்லை. கழற்றி மாட்டினதும் சரி. அதே வேலைக்கு அங்கே 70-ஐத் தாண்டவில்லை.

ஆனால் கோடை மழை இடித்தால் மலையில் கரண்ட் போய்விடும். ஓட்டத்தை நடத்தும் குரோமேக்ஸின் எம்டிரன் கட்டளை 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேமித்துவிடுவதால், சிபிஐ (-cpi) ஆப்ஷன் கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அப்டேட்டை மட்டும் ஓட்டம் முடியும்வரை தொடுவதில்லை.

“இந்த வருஷமும் பெட்டி வருதா?” என்று சித்தப்பா கேட்டுவிட்டார். இந்த முறை கார்டைக் கழற்றி மடியில் வைத்துத்தான் பயணம்.