கோனோ வீடர்: நெல் வயலில் உருளும் களைக்கருவி

நெல் சாகுபடியில் உழவும் அறுவடையும் இயந்திரங்களின் கைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட பின்னும், களையெடுப்பு மட்டும் சிறு விவசாயியின் வயலில் இன்றும் பெருமளவு குனிந்து வேலை செய்யும் பெண்களையே நம்பியிருக்கிறது. அந்தக் குனிவைப் போக்க வந்த கருவிகளில், எஞ்சினோ டீசலோ தேவைப்படாத கோனோ வீடரைக் காவிரிப் பாசனப் பகுதியின் களிமண் வயலில் குறுவையிலும் சம்பாவிலும் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். வரிசை நடவு செய்பவர் தயங்காமல் வாங்கலாம் என்பதும், கலைந்த நடவு செய்பவருக்கு இதனால் ஒரு பயனும் கிடையாது என்பதும் என் முடிவு.

நீண்ட கைப்பிடி, சேற்றில் அமிழாமல் முன்னே வழுக்கிச் செல்லும் மிதவை, அதன் பின்னே ஒன்றுக்கொன்று எதிர்த்திசை பார்த்துப் பொருத்தப்பட்ட, முனை வெட்டிய கூம்பு வடிவிலான இரண்டு உருளைகள்: கருவி முழுவதும் இவ்வளவுதான். உருளைகளின் மேல் பல் வைத்த தகடும் வழவழப்பான தகடும் மாறி மாறி அமைந்திருக்கும். இந்த வடிவத்தை உருவாக்கியது பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். ஜப்பானில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே உருளும் களைக்கருவி வயலுக்கு வந்துவிட்டது. 1950களில் இந்தியாவில் பரப்பப்பட்ட ஜப்பானிய முறை நெல் சாகுபடியோடு அது நம் ஊர்களையும் எட்டிப் பார்த்தது.

ஆனால் இக்கருவியின் பின்னணியைப் புரிந்துகொள்ள, வரிசையாகப் பயிரிடும் பழக்கத்தின் கதையைத்தான் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் 1701-ல் விதைப்புக் கருவியை உருவாக்கி, பின்னர் பயிர் வரிசைகளுக்கு இடையே குதிரை பூட்டிய களைக்கொத்தை ஓட்டியதைப் பலரும் நவீன வேளாண்மையின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். 1790களில் தென்னிந்தியாவில் பணியாற்றிய ஹால்காட் என்ற ஆங்கிலேய அதிகாரி, வரிசையாக விதைக்கும் கருவி ஐரோப்பாவின் புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ணியிருந்த தமக்கு, அது இங்கே உழவர்களிடம் சாதாரணப் புழக்கத்தில் இருந்தது வியப்பளித்ததாக எழுதினார். புஞ்சையில் நம் முன்னோர் நன்கறிந்திருந்த இந்த நுட்பம் நஞ்சைக்குள் நுழைய இவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டியதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. 1980களில் மடகாஸ்கரில் பாதிரியார் ஹென்றி தெ லொலானியே வகுத்த, இளம் நாற்றை இடைவெளி விட்டு நடும் நெல் சாகுபடி முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003-04-ல் காவிரி, தாமிரபரணிப் பகுதிகளில் விவசாயிகளின் வயல்களிலேயே சோதித்தது. திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் அது பரவியபோதுதான் கோனோ வீடருக்கு நம் வயலில் ஓடுவதற்கு இடம் கிடைத்தது.

பதினான்கு, பதினைந்து நாள் வயதுள்ள இளம் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால், நெடுக்கிலும் குறுக்கிலும் கருவியை ஓட்ட முடியும். நட்ட பத்தாம் நாளில் தொடங்கி, பத்து நாளுக்கு ஒரு முறையாக நான்கு முறை ஓட்டச் சொல்கிறார்கள். முதல் ஓட்டத்தைத் தள்ளிப்போடாமல் இருப்பதே முக்கியம் என்பது என் அனுபவம். களை இரண்டு மூன்று இலை விட்டிருக்கும்போது உருளை அதை வேரோடு புரட்டிச் சேற்றுக்குள் அமுக்கிவிடுகிறது. கோரையும் புல்லும் வேர் பிடித்து நின்றுவிட்ட பிறகு, தகடுகளில் சுற்றிக்கொண்டு உருளையையே நிறுத்திவிடும். வயலில் மெல்லிய நீர் நிற்க வேண்டும். நீர் வற்றினால் களிமண் உருளைகளுக்கு இடையே அப்பிக்கொள்ளும், நீர் அதிகமானால் பிடுங்கிய களை மிதந்து போய் வேறிடத்தில் மறுபடி வேரூன்றும். கருவியை ஒரே மூச்சாகத் தள்ளாமல், ஒரு முழம் முன்னே தள்ளிச் சற்றுப் பின்னே இழுத்து மறுபடி தள்ளுவதுதான் சரியான முறை. அப்படித் தள்ளும்போது மேல்மண் கலங்கிக் குமிழிகள் வெடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். களைக்கொல்லி களையைக் கொல்வதோடு நின்றுவிடுகிறது. இக்கருவி களையை அங்கேயே மக்கவைத்து, வேருக்குக் காற்றும் கொடுக்கிறது. தொடர்ந்து ஓட்டிய வயலில் தூர் கட்டுவது தெளிவாகவே கூடியிருந்தது.

குறைகளும் உண்டு. குத்தை ஒட்டி முளைக்கும் களையை எந்த உருளையும் எட்டாது. அதைக் கையால்தான் பறிக்க வேண்டும். கனமான களிமண்ணில் அரை நாள் ஓட்டினாலே தோளும் மணிக்கட்டும் கடுத்துவிடுகின்றன. காலங்காலமாகக் களையெடுத்து வந்தவர்கள் பெண்கள். கருவியின் எடையும் கைப்பிடியின் உயரமும் அவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்படாததால், பல ஊர்களில் கருவி வந்ததும் வேலை ஆண்களிடம் போய், பெண்களின் கூலி நின்றது. இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. எடை குறைந்த, ஒற்றை உருளை கொண்ட வகைகளும் இப்போது கிடைக்கின்றன. பெண்கள் அவற்றை எளிதாகக் கையாள்வதைப் பார்த்திருக்கிறேன்.

தரம் பட்டறைக்குப் பட்டறை மாறுகிறது. நான் முதலில் வாங்கிய கருவியில் அச்சு சேறு புகுந்து முதல் பட்டத்திலேயே தேய்ந்து, ஒரு உருளை சுழலாமல் இழுபட்டு நாற்றைச் சாய்த்தது; விற்றவர்கள் மாற்று உதிரிபாகமும் தரவில்லை. எஞ்சின் பொருத்திய பவர் வீடர் வேலையை விரைவாக முடிக்கும் என்றாலும், 30 சென்டிமீட்டர் வரிசையில் இயந்திர நடவு செய்த பெரிய வயலுக்கே அது பொருந்தும். மூன்று, நான்கு மா (ஒரு மா என்பது ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தில் அதன் விலையும் பராமரிப்பும் கட்டுப்படியாகாது. அங்கே கோனோ வீடரே போதும்.

வாங்குவதற்கு முன் கருவியைக் கடையிலேயே கவிழ்த்துப் போட்டு இரண்டு உருளைகளையும் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழல வேண்டும், அச்சில் ஆட்டம் இருக்கக் கூடாது. மிதவையின் உயரத்தையும் கைப்பிடியின் சரிவையும் மாற்றத் துளைகள் உள்ளனவா, அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் மாற்றிக் கொடுப்பார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுங்கள்.